பழைய லாரிக்குப் புதுப் பட்டை வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

பழைய சரக்கு வண்டிகளைக் கழற்றி மீட்டெடுக்கும் வாசகர்கள் பட்டையைப் பற்றிக் கேட்டவற்றில் ஏழு கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பட்டை என்பது சக்கரங்களின் ஆக்சிலுக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்கும் நடுவே பாரத்தைத் தாங்கும், வில் போல வளைந்த எஃகுத் தகடு (லீஃப் ஸ்பிரிங்). பல பட்டைகளை அடுக்கிச் சேர்த்தது ஒரு கட்டு. முதல் கேள்விக்கான பதில் நீளமானது. மற்றவற்றுக்கும் அதுவே அடித்தளம் என்பதால் அதை முதலில் படித்துவிடுங்கள்.

கேள்வி: 1967-ஆம் வருட டாடா மெர்சிடிஸ் பென்ஸ் 1210 லாரி ஒன்றை மீட்டெடுக்கிறேன். கேபினும் பாடியும் இறக்கியாகிவிட்டது. பின்பக்கத்தில் வலது பட்டைக் கட்டு இடதைவிட இரண்டு விரல் தாழ்ந்திருக்கிறது. எல்லாப் பட்டையிலும் துரு, ஆனால் எதுவும் உடையவில்லை. ஒரு பட்டறையில் “மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் கட்டு போடுங்கள்” என்கிறார்கள். இன்னொரு பட்டறையில் “அந்தக் கால இரும்பு இப்போது கிடைக்காது, தட்டி வளைவை ஏற்றினால் போதும்” என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், சங்ககிரி

பதில்: இரண்டையும் ஒரு வாரம் தள்ளி வையுங்கள். கட்டாக இருக்கும்போது வெளியிலிருந்து பார்த்துப் பட்டையின் நிலையைச் சொல்ல யாராலும் முடியாது. இரண்டு விரல் தாழ்ந்திருப்பதற்குக் காரணம் பட்டைதான் என்பதும் இன்னும் உறுதியாகவில்லை. பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிலின் பின்னும், அந்தப் பின் சுழலும் உறையான புஷ்ஷும் தேய்ந்திருந்தால் அதிலேயே சில மில்லிமீட்டர் போய்விடும். பட்டையைச் சேசிஸில் பிடித்திருக்கும் பிராக்கெட்டின் ரிவெட் தளர்ந்திருக்கலாம், சேசிஸே முறுகியிருக்கலாம்.

அதனால் முதல் வேலை அளப்பதுதான். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் ஒரே சைஸ் டயர், ஒரே காற்று இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்சிலின் மேற்புறத்திலிருந்து சேசிஸின் அடி விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். பிறகு பின் கட்டுகள் இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டி, அதே இடங்களில் மறுபடி அளந்து பாருங்கள். தாழ்வு கட்டோடு சேர்ந்து இடப்பக்கம் போய்விட்டால் குற்றம் பட்டையில் இருக்கிறது. வலப்பக்கத்திலேயே நின்றால் பட்டைக்குச் செலவு செய்து பயனில்லை, பிராக்கெட்டையும் சேசிஸையும் பார்க்க வேண்டும். ரிவெட்டைச் சோதிக்க ஒரு பக்கம் விரலை வைத்துக்கொண்டு மறுபக்கம் சுத்தியலால் தட்டுங்கள். தளர்ந்த ரிவெட்டின் அசைவு விரலுக்குத் தெரியும், அதைச் சுற்றிப் பெரும்பாலும் செந்துருப் பொடியும் கசிந்திருக்கும்.

பட்டையில்தான் குற்றம் என்றே வைத்துக்கொள்வோம். “பட்டை இளகிவிட்டது” என்று சொல்வது வழக்கம், ஆனால் எஃகின் விறைப்பு வயதால் குறைவதில்லை. பல வருடம் பாரம் சுமந்த பட்டை வளைவை இழக்கிறதே தவிர, ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுங்குவதற்கும் முன்பு எவ்வளவு எடை வேண்டியிருந்ததோ அதே எடைதான் இன்றும் வேண்டும். விறைப்பு குறைகிறதென்றால் அதற்குக் காரணம் கனம் குறைவது, அல்லது விரிசல். கனத்தின் கணக்கு மிகவும் கடுமையானது. விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு போகிறது. 10 மில்லிமீட்டர் பட்டை முழு நீளத்துக்கும் 9 மில்லிமீட்டராகத் தேய்ந்தால் 1000-க்கு 729 என்ற விகிதம், அதாவது கால் பங்குக்கும் மேல் விறைப்பு போய்விட்டது. ஆகவே வளைவு மட்டும் போயிருக்கிறதா, கனமும் போயிருக்கிறதா என்று பார்ப்பதுதான் உங்கள் முடிவின் மையம். வளைவைத் திரும்பக் கொண்டுவரலாம். கனத்தைக் கொண்டுவர வழியே இல்லை.

அதை அறியக் கட்டைப் பிரித்தாக வேண்டும். சேசிஸை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாதீர்கள், இரும்பு ஸ்டாண்டு கொடுத்து நிறுத்துங்கள். 70 மில்லிமீட்டர் அகலமும் 10 மில்லிமீட்டர் கனமும் உள்ள பத்துப் பட்டைக் கட்டு ஒன்றே 40 கிலோவைத் தாண்டும், உங்கள் பின் கட்டு அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். இறக்கிய கட்டின் நடுவில் பட்டைகளைக் கோர்த்திருக்கும் சென்டர் போல்ட்டைச் சும்மா கழற்றினால் பட்டைகள் அடைத்து வைத்த விசையோடு விரியும், கை விரலை எடுத்துவிடும். சென்டர் போல்ட்டின் இரு பக்கமும் கனமான சி-கிளாம்ப் போட்டு இறுக்கி, போல்ட்டை எடுத்த பிறகு கிளாம்புகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பட்டை ஒவ்வொன்றிலும் எண்ணும், எது முன்பக்கம் என்ற குறியும் பெயின்ட்டால் போட்டு வையுங்கள்.

இந்த இடத்தில் எண்ணிக்கையையும் சரிபாருங்கள். ஐம்பது வருடம் ஓடிய வண்டியில் இப்போது இருப்பதுதான் ஒரிஜினல் கட்டு என்று நினைக்க வேண்டாம். பாரம் ஏற்றுவதற்காக இடையில் யாரோ ஒரு பட்டை சேர்த்திருப்பார்கள், வேறு கனத்தில் ஒன்றை நுழைத்திருப்பார்கள். அந்த மாடலின் உதிரிபாகப் புத்தகம் கிடைத்தால் பட்டை எண்ணிக்கை, அகலம், கனம் மூன்றையும் ஒப்பிடுங்கள்.

அடுத்து சுத்தம் செய்வது. கம்பி பிரஷ், மணல் அடிப்பது இரண்டும் நல்லது. துரு சீக்கிரம் போகட்டும் என்று ஆசிடில் மட்டும் ஊறப் போடாதீர்கள். ஆசிடிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் கடினப்படுத்திய எஃகுக்குள் புகுந்து அதை உடையும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும். வெளியே பளபளவென்று இருக்கும் பட்டை பாரம் ஏற்றிய மறுநாள் படக்கென்று முறியும். மின்முலாம் பூசுவதற்கும் இதே ஆபத்து உண்டு.

சுத்தமான பட்டையில் மூன்றைப் பாருங்கள். முதலாவது கனம். கட்டை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட்டுக்கு அடியில் இறுகிக் கிடந்த நடுப்பகுதி பெரும்பாலும் தேயாமல் இருக்கும், அதன் ஓரத்தில் வெர்னியரால் அளந்தால் ஆதி கனம் கிடைக்கும். அதை மற்ற இடங்களோடு ஒப்பிடுங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் எங்கே குறைந்திருந்தாலும் அந்தப் பட்டை வேண்டாம். இரண்டாவது, நுனி பதிந்த பள்ளம். கீழ்ப் பட்டையின் நுனி மேல் பட்டையின் அடியில் உரசி உரசிக் குறுக்கே ஒரு படிக்கட்டு போட்டிருக்கும். விரல் நகம் தட்டி நிற்கும் அளவுக்கு அது ஆழமாக இருந்தால் அங்கேதான் நாளை முறியும். மூன்றாவது விரிசல். பாரம் ஏறும்போது பட்டையின் உள்வளைந்த மேல்முகம்தான் இழுபடுகிறது, விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் பிறக்கும். சென்டர் போல்ட் துளையைச் சுற்றி, யூ போல்ட் முடியும் விளிம்பு, கண்ணின் (பின் நுழையும் சுருண்ட முனை) அடிப்பகுதி இந்த மூன்று இடத்திலும் கூடுதல் கவனம் வேண்டும்.

விரிசல் பார்க்க மூன்று ஸ்ப்ரே டப்பாவாக வரும் சிவப்புச் சாய முறை நல்லது. துடைத்துச் சுத்தம் செய்து, சிவப்பை அடித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்தபின் வெள்ளையை அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழுந்து வரும். அது கிடைக்காவிட்டால் மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டுத் துடைத்துச் சுண்ணாம்புத் தூளைப் பூசுங்கள், ஈரம் கோடாகக் கசியும். கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டிப் பார்ப்பதும் உண்டு. மணி போல ஒலிக்காமல் மந்தமாகச் சத்தம் வந்தால் சந்தேகப்படலாம். ஆனால் நன்றாக ஒலிக்கிறது என்பதை மட்டும் நம்பி ஒரு பட்டையைத் தேர்ச்சி பெறச் செய்யாதீர்கள்.

இனி முடிவு. கனம் சரி, பள்ளம் இல்லை, விரிசல் இல்லை, துரு மேலோட்டம்தான் என்றால் அந்தப் பட்டையை வைத்துக்கொள்ளுங்கள், வளைவை முறையாக ஏற்றிக்கொள்ளலாம். துரு தின்று அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழுந்திருந்தால், அதுவும் மேல்முகத்தில் இருந்தால், வேண்டாம். ஒவ்வொரு குழியும் ஒரு விரிசலின் விதை. ஒரு கட்டில் பாதிக்கு மேல் தேறவில்லை என்றால் இரண்டு பக்கமும் சேர்த்துப் புதுக் கட்டு போடுவதுதான் நியாயம். ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் வண்டி மறுபடி சாய்ந்துதான் நிற்கும்.

புதிது போடும்போதும் ஒரு எச்சரிக்கை. 1210 என்ற பெயரின் முதல் இரண்டு இலக்கம் 12 டன் மொத்த எடையைக் குறிக்கிறது. உங்கள் வண்டி இனி பெரும்பாலும் காலியாகத்தான் ஓடும். அதிக பாரத்துக்கென்று கனமாகக் கட்டிய கட்டை வாங்கிப் பூட்டினால் பட்டை அசையவே அசையாது, குலுக்கல் முழுவதும் சேசிஸ் ரிவெட்டுக்கும் கேபின் தாங்கிக்கும் போகும். நீங்கள் பாடுபட்டு மீட்ட கேபினில் ஒரே வருடத்தில் வெல்டு விடத் தொடங்கும். ஆதி அளவிலேயே கட்டச் சொல்லுங்கள். மேலே இருக்கும் ஹெல்பர் கட்டு (பாரம் ஏறும்போது மட்டும் வேலை செய்யும் துணைக் கட்டு) காலி வண்டியில் அதன் தாங்கியைத் தொடக்கூடாது, இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பட்டையைத் தட்டி ஏற்றுவதற்கும், சூடு போட்டு ஏற்றுவதற்கும் என்ன வித்தியாசம்? தட்டி ஏற்றியது இரண்டே மாதத்தில் மறுபடி இறங்கிவிடுகிறது என்கிறார்களே?
– வாசகர், திருச்செங்கோடு

பதில்: இறங்குவதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. புதுப் பட்டைக் கட்டைத் தொழிற்சாலையில் அனுப்பும் முன் பிரஸ்ஸில் வைத்து, பாரம் வரும் அதே திசையில், அளவுக்கு மேல் ஒருமுறை அமுக்கி விடுவார்கள். அதில் வளைவு கொஞ்சம் இறங்கும், அதைக் கணக்கிட்டே முதலில் கூடுதல் வளைவு வைத்திருப்பார்கள். இப்படி அமுக்கிய பட்டையின் மேல்முகத்தில் நிரந்தரமாக ஒரு நெருக்கம் தங்கிவிடும். பாரம் ஏறி அந்த முகம் இழுபடும்போது முதலில் இந்த நெருக்கம் தீர்ந்தாக வேண்டும், அதனால் பட்டை தாங்குகிறது.

பச்சையாக, அதாவது சூடு போடாமல், தட்டி ஏற்றுவது இதற்கு நேர் எதிர். இரண்டு கட்டைமேல் வைத்து உள்வளைவுப் பக்கம் ஓங்கி அடித்து வளைக்கும்போது, விட்டபின் அந்த மேல்முகத்தில் நெருக்கத்துக்குப் பதில் இழுவை தங்கிவிடுகிறது. வண்டியின் பாரமும் அதே முகத்தை இழுக்கிறது. இரண்டு இழுவையும் கூடுவதால் சீக்கிரமே வளைவு விட்டுக்கொடுக்கிறது. போதாததற்குச் சுத்தியல் விழுந்த தடம் ஒவ்வொன்றும் விரிசல் தொடங்கும் இடமாகிறது. கண்காட்சிக்கு மட்டும் நிறுத்தும் வண்டிக்கு இது தாங்கலாம். சாலையில் ஓடும் வண்டிக்கு, அதிலும் முன் ஆக்சிலுக்கு, வேண்டவே வேண்டாம்.

சூடு போடுவது என்றால் உலையில் வைத்துச் சிவக்கவிட்டு வளைப்பதோடு முடிவதில்லை. பட்டைக்குப் பயன்படுவது சிலிக்கான்-மாங்கனீசு எஃகு அல்லது குரோம்-வனேடியம் எஃகு. சந்தையில் ஈ.என். 45 என்று கேட்டாலும், இந்தியத் தரமான ஐ.எஸ். 3431-ல் வரும் வகைகளைக் கேட்டாலும் இந்தக் குடும்பம்தான். இதை ஏறக்குறைய 850 முதல் 900 டிகிரி வரை சூடாக்கி, அச்சில் வைத்து வளைத்து, உடனே எண்ணெயில் அமிழ்த்த வேண்டும். தண்ணீரில் போட்டால் விரிசல் விடும். எண்ணெயிலிருந்து எடுத்த பட்டை கண்ணாடி போல உடையும் நிலையில் இருக்கும். அதை மறுபடி 450 முதல் 500 டிகிரி வரை சூடாக்கி டெம்பர் செய்தால்தான் பட்டைக்குரிய துள்ளல் வரும். இந்தச் சூட்டில் இரும்பு கண்ணுக்குச் சிவக்காது. ஆகவே நிறத்தைப் பார்த்து டெம்பர் செய்கிறேன் என்பவரிடம் கொடுக்காமல், வெப்பமானி வைத்த உலை உள்ள பட்டறைக்குக் கொண்டு போங்கள். வேலை முடிந்ததும் கடினத்தை அளந்து தரச் சொல்லுங்கள். ராக்வெல் சி அளவில் 40 முதல் 46-க்குள் இருந்தால் சரி. அதற்குக் கீழே இருந்தால் வளைவு இறங்கும், மேலே போனால் முறியும்.

மேல்முகத்தில் சிறு எஃகு உருண்டைகளை வேகமாக அடித்துப் பதப்படுத்தும் வசதி உள்ள பட்டறை கிடைத்தால் அதையும் செய்துவிடுங்கள், ஆயுள் நன்றாகக் கூடும். வீட்டிலேயே செய்யக்கூடிய கடைசிச் சோதனை ஒன்று உண்டு. கண்ணுக்குக் கண் நூல் பிடித்து, நடுவில் நூலுக்கும் மெயின் பட்டைக்கும் (இரு முனையிலும் கண் உள்ள நீளமான பட்டை) உள்ள ஆழத்தை அளந்து வையுங்கள். வண்டியில் பூட்டி, முழு பாரம் வைத்து ஓர் இரவு விட்டு, இறக்கி மறுபடி அளங்கள். முதல் முறை கொஞ்சம் இறங்குவது இயல்பு. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் இறங்கிக்கொண்டே போனால் டெம்பர் தவறிவிட்டது என்று பொருள், பட்டறைக்கே திருப்பிக் கொண்டு போங்கள்.

கேள்வி: முன் கட்டில் மெயின் பட்டை மட்டும் முறிந்துவிட்டது. மற்றவை நன்றாகவே இருக்கின்றன. அது ஒன்றை மட்டும் புதிதாக வாங்கிப் போட்டேன். ஒரு மாதத்தில் அதே இடத்தில் அதுவும் முறிந்தது. பட்டை மட்டமானதா?
– வாசகர், நாமக்கல்

பதில்: பட்டை மட்டமாக இல்லாமலேயே இது நடக்கும். நல்ல கட்டு ஒன்றை இறுக்காமல் அடுக்கி வைத்துப் பாருங்கள். கீழே போகப் போகப் பட்டைகளின் வளைவு கூடிக்கொண்டே போகும். அதனால் நுனிகள் ஒட்டியும், நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டும் நிற்கும். சென்டர் போல்ட்டால் இறுக்கும்போது அந்த இடைவெளி மூடி, மெயின் பட்டை பாரத்துக்கு எதிர்த் திசையில் முன்கூட்டியே வளைக்கப்படுகிறது. அதுதான் அதற்குப் பாதுகாப்பு. பிரேக் பிடிக்கும் விசையையும், ஆக்சிலைப் பிடித்து நிறுத்தும் வேலையையும் மெயின் பட்டை தனியாகச் சுமப்பதால் அதற்குச் சலுகை தேவைப்படுகிறது.

உங்கள் கட்டில் நடந்தது தலைகீழ். புது மெயின் பட்டை முழு வளைவோடு வந்தது, அதன் கீழே இருந்தவை பழையவை, படுத்துவிட்டவை. அடுக்கிப் பார்த்திருந்தால் நடுவில் ஒட்டியும் நுனிகளில் வாய் பிளந்தும் இருந்திருக்கும். பாரம் ஏறியதும் அந்த வாய் மூடும் வரை முழு எடையையும் புதுப் பட்டை ஒன்றே தாங்கியிருக்கிறது. யூ போல்ட் விளிம்பில் முறிந்திருந்தால் இது ஏறக்குறைய நிச்சயம்.

செய்ய வேண்டியது: மெயின் பட்டையோடு, கண்ணைச் சுற்றி அணைத்து நிற்கும் இரண்டாம் பட்டையையும் புதிதாக வாங்குங்கள். மீதியை முதல் கேள்வியில் சொன்னபடி சோதித்து, தேறியவற்றை ஒரே பட்டறையில் சூடு போட்டு வளைவு ஏற்றுங்கள். பூட்டுமுன் அடுக்கிப் பார்த்து, நடுவில் இடைவெளி, நுனியில் தொடுகை இருப்பதை உறுதி செய்யுங்கள். மறுபக்கக் கட்டையும் இதேபோல் செய்தாக வேண்டும்.

முறிந்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள், முறிந்த இடம் காரணத்தைச் சொல்லும். சென்டர் போல்ட் துளையின் குறுக்கே முறிந்திருந்தால் யூ போல்ட் தளர்ந்து ஓடியிருக்கிறது. கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் பின் இறுகிப் பிடித்து, புஷ் சுழலாமல் பட்டையே முறுக்கப்பட்டிருக்கிறது. நுனி உரசிய பள்ளத்தில் என்றால் தேய்மானம்.

கேள்வி: பழைய டாடா 407 ஒன்றை உணவு வண்டியாக மாற்றியிருக்கிறேன். அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏற்றியபின் பின்பக்கம் இடது பக்கமாக இறங்கிவிட்டது. இடது கட்டில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தால் போதுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சாமான் ஏற்றிய பிறகு சாய்ந்தது என்றால் முதலில் சாமானை நகர்த்திப் பாருங்கள். எடை மேடைக்குக் கொண்டு போய் முன் ஆக்சில், பின் ஆக்சில் தனித்தனியாக எடுங்கள். பிறகு இடப்பக்கச் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒருமுறை, வலப்பக்கத்தை ஏற்றி ஒருமுறை எடுங்கள். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 200 லிட்டர்த் தொட்டியை இடது ஓரத்திலிருந்து நடுவுக்கோ வலது ஓரத்துக்கோ மாற்றினாலே பாதிச் சாய்வு போய்விடும். தொட்டிக்குள் தடுப்புத் தகடு இல்லாவிட்டால் வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் சாடும், அதையும் இப்போதே போட்டுவிடுங்கள்.

அதன் பிறகும் பட்டை தேவை என்றால் இரண்டு பக்கமும் சேர்த்துச் சேருங்கள், ஒரு பக்கம் மட்டும் கூடாது. கனத்தையும் மாற்றாதீர்கள். ஏழு பட்டைக் கட்டில் அதே கனத்தில் ஒன்றைச் சேர்த்தால் விறைப்பு ஏழில் ஒரு பங்கு, ஏறக்குறைய 14 சதவீதம் கூடும். எட்டு மில்லிமீட்டர் பட்டைகளுக்கு நடுவே “பலமாக இருக்கட்டும்” என்று பத்து மில்லிமீட்டர் பட்டையைச் செருகினால் அந்த ஒன்றே இரண்டு பட்டை வேலை செய்யும். எல்லாப் பட்டையும் ஒரே அளவு வளையும்போது கனமான பட்டையின் முகம்தான் கூடுதலாக இழுபடுகிறது, அதனால் முதலில் முறிவதும் அதுவாகவே இருக்கும்.

பட்டை கூடினால் யூ போல்ட்டின் நீளமும் சென்டர் போல்ட்டின் நீளமும் கூட வேண்டும். மரை குறைவாகப் பிடிக்கும் பழைய யூ போல்ட்டை இழுத்து மாட்டாதீர்கள். வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையைத் தாண்டியிருந்தால் பட்டை சேர்ப்பது தீர்வே இல்லை. பிரேக்கும் டயரும் அந்த எடைக்கு ஆனவை அல்ல.

கேள்வி: எல்லாப் பாகத்துக்கும் பவுடர் கோட்டிங் கொடுத்துப் புதுப் பட்டை பூட்டினேன். முந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட் நட்டு கையால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. சென்டர் போல்ட்டும் அறுந்துவிட்டது. ஏன்?
– வாசகர், மதுரை

பதில்: அந்தக் கோட்டிங்தான் காரணம். ஆக்சிலின் பட்டை இருக்கை, பட்டையின் நடுப்பகுதி, யூ போல்ட் பிளேட் இவை இரும்போடு இரும்பு நேராகப் பதிய வேண்டிய முகங்கள். ஒவ்வொன்றிலும் கனத்த பூச்சு இருந்தால் ஓட்டத்தில் அது நசுங்கி உதிரும், அந்த அளவுக்குப் பிடி தளரும். ஆக்சிலைப் பிடித்து நிறுத்துவது யூ போல்ட்டின் இறுக்கம்தான். சென்டர் போல்ட் இடம் காட்டும் முளை மட்டுமே. இறுக்கம் போனதும் பிரேக் விசை முழுக்க அதன்மேல் விழுந்தால் அறுகாமல் என்ன செய்யும்? அறுந்தபின் ஆக்சில் நகர்ந்திருக்கும். இரு பக்கமும் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் வண்டி கோணலாக ஓடி டயரைத் தின்னும்.

அந்த முகங்களைச் சுரண்டி இரும்பு வரை கொண்டுவந்து, மெல்லிய பிரைமர் மட்டும் பூசுங்கள். யூ போல்ட்டுகளைப் புதிதாக வாங்குங்கள். ஒருமுறை முழு இறுக்கம் கொடுத்த யூ போல்ட் நீண்டுவிட்டிருக்கும், மறுபடி அதே பிடி தராது. பழையதைச் சூடு காட்டி வளைத்துச் சரிசெய்வதும் ஆபத்து. நட்டு சாதாரண உயரத்தில் இல்லாமல் கனத்த நட்டாக இருக்கட்டும். வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்போது, நான்கு நட்டையும் குறுக்குக் குறுக்காக, மூன்று நான்கு சுற்றாக, டார்க் ரெஞ்ச்சால் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். நூறு கிலோமீட்டரில் ஒருமுறை, ஆயிரத்தில் ஒருமுறை மறுபடி இறுக்குங்கள். மறந்துவிடக் கூடாது என்று ஸ்டியரிங்கில் ஒரு சீட்டைக் கட்டி வைத்தாலும் தவறில்லை.

பட்டைக்குப் பக்கத்தில் வெல்டிங் வைக்க நேர்ந்தால் ஈரத்துணியால் மூடி, எர்த் கிளிப்பைப் பட்டையில் மாட்டாமல் பாருங்கள். ஒரு தீப்பொறித் துளி விழுந்த புள்ளிகூடக் கடினமாகி விரிசலுக்கு இடமாகும்.

கேள்வி: அசோக் லேலண்ட் காமெட் லாரிக்கு முன்பக்கம் புதுப் பட்டை போட்டதிலிருந்து வண்டி நேராகப் போக மறுக்கிறது. ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பியே இருக்கிறது, விட்டால் தானாகத் திரும்பி வருவதும் இல்லை. அலைன்மென்ட் பார்த்தும் சரியாகவில்லை.
– வாசகர், கரூர்

பதில்: இரண்டு தனித்தனிக் குறைகள் சேர்ந்திருக்கின்றன. ஸ்டியரிங் மையம் தவறுவது உயரத்தால். முன்பக்கம் உயர்ந்ததும், ஸ்டியரிங் பாக்ஸைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க்கின் கோணம் மாறி, சக்கரம் நேராக இருந்தாலும் ஸ்டியரிங் சுற்றி நிற்கும். முதல் சில நூறு கிலோமீட்டரில் புதுப் பட்டை கொஞ்சம் அமரும், அதுவரை பொறுங்கள். அதன்பின் சக்கரத்தை நேராக வைத்து, ஸ்டியரிங் பாக்ஸை அதன் நடுப்புள்ளியில் நிறுத்தி, லிங்க்கின் நீளத்தைத் திருத்துங்கள். ஸ்டியரிங் வீலைக் கழற்றி மாட்டி நேராக்குவது தவறு. பாக்ஸின் நடுப்பகுதியில்தான் லூஸ் குறைவாக இருக்கும்படி அமைத்திருப்பார்கள், அந்த இடம் தவறிவிடும்.

தானாகத் திரும்பி வராதது காஸ்டர் கோணத்தால், அதாவது சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் முன்பின் சாய்வால். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் இடையில் ஆப்பு வடிவத் தகடு ஒன்று இருக்கும். கழற்றும்போது அது விட்டுப்போயிருக்கலாம், அல்லது கனத்த பக்கம் முன்னும் பின்னும் மாறிப் போயிருக்கலாம். கிங் பின்னின் மேல்முனை பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், அதை வைத்து ஆப்பின் திசையைச் சரிபாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே ஆப்பு, ஒரே திசை. அலைன்மென்ட் என்று சக்கரத்தின் உள்வாங்கலை மட்டும் பார்த்தவர்கள் இதைக் கவனித்திருக்க வாய்ப்பில்லை.

உயரம் கூடியதால் பிரேக் ஹோஸும் இழுபடுகிறதா என்று பாருங்கள். சக்கரங்கள் தொங்கும்படி சேசிஸைத் தூக்கி, ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பினால் தெரிந்துவிடும்.

கேள்வி: பட்டைக்குப் பழைய என்ஜின் ஆயில் அடிப்பது நல்லதா? புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகச் சந்தையில் கிடைக்கும் பழைய பட்டைகளை வாங்கலாமா?
– வாசகர், சென்னை

பதில்: ஆயில் வேண்டாம். மண்ணும் மணலும் அதில் ஒட்டி எமரி பேஸ்ட் போலாகிப் பட்டையையே அரைக்கும், ரப்பர் புஷ் இருந்தால் அதுவும் ஊதிப் போகும். கட்டும்போதே ஒவ்வொரு பட்டையும் உரசும் முகத்தில் கிராபைட் கலந்த கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள், அது போதும். யூ போல்ட் இறுக்கும் நடுப்பகுதியில் தடவாதீர்கள். வளையக் கிளிப்புகளைப் பட்டை நகர முடியாதபடி அடித்து நெருக்கவும் வேண்டாம், இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டராவது விட்டிருக்கட்டும்.

கன்மெட்டல் புஷ் உள்ள வண்டியில் நிப்பிளுக்குக் கிரீஸ் அடிக்கும்போது இரு ஓரத்திலும் புதுக் கிரீஸ் பிதுங்கி வரும் வரை அடியுங்கள். வரவில்லை என்றால் வழி அடைத்திருக்கிறது, பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்தாக வேண்டும். ரப்பர் புஷ் என்றால், வண்டி தன் எடையில் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கண் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் நிரந்தரமாக முறுகிக் கிடந்து சீக்கிரம் கிழியும்.

புதுப்பேட்டையில் ஷேக்கில், பிராக்கெட், கிளிப், யூ போல்ட் பிளேட் வாங்குங்கள். புதிதாகக் கிடைக்காத பழைய மாடல்களுக்கு இவை அரிய பொருள்கள், தேடி அலைந்தாலும் தகும். பட்டை மட்டும் அங்கே வேண்டாம். எத்தனை டன் சுமந்தது, எத்தனை லட்சம் முறை வளைந்தது என்பது அதன் முகத்தில் எழுதியிருக்காது.